உருகிய பின் நான்கு மணி நேரம்

ஜனவரி 9, செவ்வாய்

காலையில் மைனஸ் முப்பத்தொன்று. கார் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்தது. ராத்திரி எஞ்சினைச் சூடேற்றும் வயரைச் சொருக மறந்தது நான், திட்டு வாங்கியது என்சியோ. டாக்ஸி ஓட்டுகிற புருஷன் இருந்தும் என்ன பயன் என்று கேட்டேன். “உன் வைரஸை எத்தனை டிகிரியில வைக்கணும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவே. வண்டிக்கு மட்டும் மறந்துடும்” என்றான். உண்மைதான்.

வைரஸுக்கு மைனஸ் எண்பது. வெளியே மைனஸ் முப்பதில் நடந்து வந்து, உள்ளே மைனஸ் எண்பதில் கையை விட்டுக் குப்பிகளை எண்ணினேன். இதுதான் என் பிழைப்பு. புற்றுக்கட்டிக்குள் ஊசியாகப் போட்டால் கட்டியின் செல்களைத் தின்று உடைக்கிற வைரஸ். செத்த வைரஸ் எதையும் தின்னாது, அது வெறும் உப்புத் தண்ணீர். அது சாகாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து மர்யானா போன் செய்தாள். மருந்துச் சோதனையில் இருக்கிற நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ். “பதினொண்ணு விலகிக்கறேன்னு சொல்றா” என்றாள். எங்களுக்கு நோயாளிகள் எண்கள்தான், பெயர் தெரியக்கூடாது. பதினொன்று கூசாமோவுக்கு வடக்கே எங்கோ இருக்கிற அம்மா. கழுத்திலும் தோளிலும் கட்டிகள். முதுகெலும்பு விரிசல் விட்டிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நானூறு கிலோமீட்டர் வந்து, ஊசி போட்டுக்கொண்டு, நானூறு கிலோமீட்டர் திரும்ப வேண்டும்.

“கட்டி சுருங்குது, ஹில்க்கா. கண்ணால பாக்கறேன். ஆனா அவ சொல்றா, மருந்து என்னைக் கொல்லலை, ரோடு கொல்லுதுன்னு. அவ ஊர் சுகாதார நிலையத்துக்கே மருந்தை அனுப்ப முடியாதா?”

முடியாது. அங்கே மைனஸ் எண்பது ஃப்ரீசர் கிடையாது. உலர்பனியில் வைத்து அனுப்பியும் பார்த்தாயிற்று. அந்தக் குளிரில் ரப்பர் மூடி சுருங்கி, பனியின் வாயு உள்ளே கசிந்து, மருந்தே புளித்துவிடுகிறது. இங்கேயே உருக்கி அனுப்பலாம் என்றால், உருகிய பின் நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ரோடே ஆறு மணி நேரம்.

“நாலு மணின்னா நாலு மணிதான், மர்யானா. அது நான் வெச்ச சட்டம் இல்லை, வைரஸ் வெச்ச சட்டம்.” கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

தூக்கத்துக்கு டாக்டர் சொன்ன வைத்தியம், நன்றி சொல்ல ஒன்றாவது தினம் எழுது என்பது. இன்று: பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரி வயர் கொடுத்தார். போதும்.

ஜனவரி 10, புதன்

மர்யானாவிடம் கடுமையாகப் பேசியது உறுத்தியது. அவளுக்கு ஆதாரத்தோடு பதில் எழுதலாம் என்று பழைய ஆய்வு நோட்டை எடுத்தேன். உருகிய பின் எத்தனை நேரம் தாங்கும் என்று நானே செய்த ஆய்வு. பூஜ்யம், ஒன்று, இரண்டு, நான்கு மணி. எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு உயிர்.

நான்கிலும் நூறு.

அப்படியென்றால் எங்கே விழ ஆரம்பிக்கிறது? பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கம் காலி. “4 மணி – கடைசி மாதிரி” என்று என் கையெழுத்து. தேதி: 2021 ஜூன் 24, வியாழன்.

ஐயோ.

ஜூஹன்னுஸுக்கு முந்தின வியாழன். நடுக்கோடைப் பண்டிகைக்கு இந்த நாட்டில் வியாழன் மதியம் பன்னிரண்டுக்கு மேல் ஒரு ஆபீஸிலாவது விளக்கு எரியுமா? எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். பன்னிரண்டுக்கு நான்காவது மணி மாதிரியை எடுத்தேன். கீழே கார் நிறைய மீனும் உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டு என்சியோ ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். ஏரிக்கரை வீட்டுக்கு ஓடினோம். அந்த வருஷம் வெயில் அற்புதமாக இருந்தது, ஞாபகம் இருக்கிறது. திரும்பி வந்து, செல்தட்டில் வைரஸ் தின்று போட்ட ஓட்டைகளை எண்ணினேன், எல்லாம் நன்றாக இருந்தது, அறிக்கையில் “நான்கு மணி நேரம் நிலையானது” என்று எழுதினேன். பொய் இல்லை. அது அப்படியே குப்பியின் ஒட்டுத்தாளுக்குப் போய்ச் சட்டம் ஆகிவிட்டது. மூன்று வருஷமாக நானே அந்தச் சட்டத்தைக் காட்டி எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருக்கிறேன்.

வைரஸ் வெச்ச சட்டமாம். எவ்வளவு திமிரா சொன்னேன். அது நான் வெச்சது. மீன் கெட்டுப்போயிடும்னு வெச்சது.

ஜனவரி 11, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. என்சியோவிடம்கூட. நன்றி எழுத எதுவும் தோன்றவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ரெய்யோதான் தரத்துக்குப் பொறுப்பு. இருபது வருஷமாக ஒன்றாக வேலை செய்கிறோம். எதையும் நேராகச் சொல்லாத இந்தப் பக்கத்து ஆள், ஆமாம் என்றோ இல்லை என்றோ அவன் வாயால் வந்து நான் கேட்டதில்லை. காபி அறையில் அவன் தனியாக இருந்தபோது நோட்டைத் திறந்து முன்னால் வைத்தேன். சாட்சி என்று போட்டிருக்கிற இடத்தில் அவன் கையெழுத்து இருக்கிறது, அதை நான் புதனன்றே பார்த்துவிட்டேன். அதனால்தான் வியாழன் முழுக்க வாய் வரவில்லை.

ரொம்ப நேரம் பார்த்தான். ஒரு காபி முழுசாகக் குடித்தான். இன்னொன்று ஊற்றினான்.

“இது என் கையெழுத்து மாதிரி இருக்குன்னு சொல்லலாம்” என்றான்.

“ரெய்யோ, விளையாடாதே.”

“விளையாடலை. அன்னிக்கு பதினொன்றரைக்கே கோட்டை மாட்டிக்கிட்டு உன் பின்னாடி வந்து நின்னேன். நீ நாலாவது குப்பியை எடுத்ததும் ஒரு கிறுக்கு கிறுக்கிட்டு ஓடினேன்.”

“எங்கே?”

“படகு. அந்த வருஷம் புதுப் படகு இறக்கினோம். கவுந்துடுச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணீரும். நான் அழுவதைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நல்ல மனுஷன். பதினொன்றைப் பற்றிச் சொன்னேன். கட்டி சுருங்குகிறது, அவள் போகப்போகிறாள் என்று சொன்னேன்.

“நாம பொய் எழுதலை, கேள்வியைப் பாதியில விட்டுட்டோம்” என்றான். “இதை மறைச்சா நமக்கு ஒண்ணும் ஆகாது. சொன்னாலும் பெரிசா ஒண்ணும் ஆகாது, வெட்கம்தான். வெட்கம் நமக்கு, ரோடு அவளுக்கு. எழுதிடு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடலாம்.”

இன்றைய நன்றி: ரெய்யோ. கவிழ்ந்த படகோடு சேர்த்து.

ஜனவரி 15, திங்கள்

மர்யானா கணக்குச் சொன்னாள். பதினொன்று இந்த வியாழன் மட்டும் வருவாள், மர்யானா கெஞ்சியதற்காக. அதற்குப் பிறகு வர மாட்டாள். சோதனை விதிப்படி இரண்டு ஊசி விட்டுப்போகலாம், மூன்றாவதும் போனால் ஆளை எடுத்துவிட வேண்டும். பிப்ரவரி 1, பிப்ரவரி 15. மூன்றாவது, பிப்ரவரி 29.

அதற்குள் நான் ஆய்வைத் திரும்பச் செய்து, அறிக்கை எழுதி, அரசாங்க மருந்து அலுவலகம் சரி என்று சொல்ல வேண்டும். அவர்கள் ஒரு கடிதத்துக்குப் பதில் போடவே ஒரு மாதம் ஆகும்.

“நீ ஏன் திடீர்னு மனசு மாறினே?” என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். “மீனாவது நல்லா இருந்துச்சா?” என்றாள்.

ஜனவரி 17, புதன்

காலை ஏழுக்கு உருக்கினேன். மூன்று வெவ்வேறு தயாரிப்பிலிருந்து குப்பிகள். ஃப்ரிட்ஜில் நான்கு டிகிரி. நான்கு, எட்டு, பன்னிரண்டு, நாளைக் காலை இருபத்துநான்கு. இந்த முறை விழுகிற வரைக்கும் போகப்போகிறேன்.

வைரஸ் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, அதற்குச் சாப்பாடு போடுவது. தட்டில் வளர்த்த செல்களின் மேல் ஒரு சொட்டு விட்டால், உயிருள்ளது ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு ஓட்டை போடும். நான்கு நாள் காத்திருந்து ஓட்டைகளை எண்ண வேண்டும். அவசரப்படுத்த முடியாது. அது சாப்பிடுகிற வேகத்தில்தான் சாப்பிடும்.

ஜனவரி 22, திங்கள்

எட்டு மணி: எல்லாம் உயிரோடு. பன்னிரண்டு மணி: எல்லாம் உயிரோடு. இருபத்துநான்கு: பத்தில் ஒன்பது பங்கு.

மூன்று முறை எண்ணினேன். இந்தச் சாதுப் பிராணி இத்தனை வருஷமாகத் தாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நாங்கள்தான் கேட்கவில்லை.

ரெய்யோவிடம் ஓடினேன். தட்டுகளைப் பார்த்தான். சந்தோஷப்பட்டான் என்றுதான் நினைக்கிறேன், புருவம் அசைந்தது. பிறகு, “ஃப்ரிட்ஜ் ரோடு ஆகாது” என்றான். ஆடாமல் அசையாமல் அலமாரியில் உட்கார்ந்திருப்பது வேறு, பனி ரோட்டில் ஆறு மணி நேரம் குலுங்குவது வேறு. குலுங்கினால் நுரைக்கும், நுரையில் வைரஸ் சாகும். சரிதான். வாயில் போட்ட மிட்டாயைப் பிடுங்கின மாதிரி இருந்தது, ஆனால் சரிதான்.

என்சியோவைக் கேட்டேன். “கூசாமோவுக்கா? ஆளில்லாமயா? ஒரு பெட்டிக்காகவா?” என்றான். பிறகு, “எப்போ?” என்றான்.

ஜனவரி 24, புதன்

காலை எட்டுக்குப் பெட்டியோடு கிளம்பினான். உள்ளே மூன்று குப்பி, வெப்பம் பதிகிற கருவி ஒன்று. போய்த் திரும்பினான். “உன் பசங்க ஒரு வார்த்தை பேசலை, இவ்வளவு நல்ல சவாரி எனக்குக் கிடைச்சதே இல்லை” என்றான்.

அவனுக்கு சால்மன் சூப் வைத்தேன். வெந்தயக்கீரை நிறையப் போட்டு, அவனுக்குப் பிடித்த மாதிரி. எனக்கு இப்படி ஒரு ஆள் வாய்த்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். வாயால் சொல்லவில்லை. சொன்னால் காய்ச்சலா என்று கேட்பான்.

ஜனவரி 29, திங்கள்

பாதிக்கு மேல் செத்துவிட்டது.

குலுங்கியதால் இல்லை. கருவியைப் பார்த்தேன். வழியில் கஜானி ஊர் தாண்டினதும் மைனஸ் ஒன்பது. உறைந்திருக்கிறது. உருகினதைத் திரும்ப உறைய வைத்தால் இதற்கு ஆகவே ஆகாது.

சாயந்திரம் வீட்டில்: “பெட்டியை எங்கே வெச்சே?”

“டிக்கியிலதான்.”

“டிக்கியிலயா! வெளியே மைனஸ் இருபத்தேழு!”

“குளிர்ச்சியா இருக்கணும்னு நீதானே சொன்னே? குளிர்காலத்துல பாலு, இறைச்சி எல்லாம் டிக்கியிலதான் வெப்போம். உங்கம்மாவும் அங்கேதான் வெப்பாங்க. வண்டிக்குள்ள ஹீட்டர் ஓடுது, கெட்டுப்போயிடும்னு நினைச்சேன்.”

“நாலு டிகிரின்னா நாலு டிகிரிடா! மைனஸ் இல்ல!”

“அதைச் சொல்லவே இல்லையே நீ.”

சொல்லவில்லைதான். குளிர் பெட்டி என்று மட்டும் சொன்னேன். இந்த ஊரில் எவனும் டிக்கியில்தான் வைப்பான், நானும் வைத்திருப்பேன். அது தெரிந்தும் கத்தினேன். அவன் சவுனாவை, எங்கள் நீராவிக் குளியலறையை, சூடேற்றப் போய்விட்டான், இரண்டு மணி நேரம் வெளியே வரவே இல்லை. பிப்ரவரி 29 என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஏன் என் பயத்தை எல்லாம் அவன் தலையில கொட்டறேன்?

ஜனவரி 30, செவ்வாய்

காலையில் எழுந்தால், சமையல் மேஜை மேல் பெட்டி. அதற்குள் சுற்றிலும் ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீர் பாட்டில்கள், நடுவில் என் பழைய கம்பளித் தொப்பி. என்சியோ கையில் மாமிசம் சுடும்போது குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர்.

“ராத்திரி வெளி வராந்தாவுல வெச்சேன், மைனஸ் இருபத்திரண்டு. உள்ளே நாலரை. ஃப்ரிட்ஜ் தண்ணியோட சூட்டுக்குக் கீழே இறங்கலை” என்றான். “குளிர வைக்கற பெட்டியால குளிராம காப்பாத்தணும். அதானே விஷயம்? அதை நேத்து இப்படிச் சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்.”

கட்டிக்கொண்டேன். தெர்மாமீட்டர் முதுகில் குத்தியது. மன்னிச்சுக்கோ என்று இந்த முறை வாயைத் திறந்து சொன்னேன். காய்ச்சலா என்று கேட்டான்.

பிப்ரவரி 1, வியாழன்

இன்று பதினொன்றுக்கு ஊசி நாள். வரவில்லை. முதலாவது போயிற்று.

அதே நாளில் என்சியோ இரண்டாவது ஓட்டம். பெட்டி முன் சீட்டில், பெல்ட் போட்டு, குப்பிகள் பஞ்சுக்குள் நிமிர்ந்து நிற்கிற மாதிரி. பெட்ரோல் போட நின்ற இடத்தில் ஒரு கிழவர் எட்டிப் பார்த்து, “யாரு அது, மாமியாரோட சாம்பலா?” என்று கேட்டாராம்.

ஊசிக்குழாயில் முன்பே ஏற்றி அனுப்பினால் அங்கே வேலை குறையும் என்று மர்யானா கேட்டிருந்தாள். அதையும் ஒரு பக்கம் வைத்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

குப்பியில் போய் வந்தவை: உயிரோடு. எல்லாம். பதிமூன்று மணி நேரம், எண்ணூறு கிலோமீட்டர், நான்கு டிகிரி, ஒன்றும் ஆகவில்லை.

ஊசிக்குழாயில் வைத்தவை: ஆறு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு காணோம். சாகவில்லை, குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆக, குப்பியில்தான் போக வேண்டும், அங்கே போய்த்தான் உறிஞ்ச வேண்டும். மர்யானாவிடம் சொன்னேன். “அப்போ நானே பெட்டியோட போறேன். அங்க இருக்கற நர்ஸ் பொண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துட்டு வரேன். என் லீவுல போறேன், யாரும் கேக்க முடியாது” என்றாள்.

இப்படிப்பட்டவர்கள் நடுவில் எனக்கு வேலை. நான் என்ன புண்ணியம் செய்தேன்?

பிப்ரவரி 9, வெள்ளி

அறிக்கை போயிற்று. பன்னிரண்டு மணி நேரம் என்று கேட்டிருக்கிறோம். பழைய ஆய்வு ஏன் போதாது என்பதற்கு “முந்தைய ஆய்வு நான்கு மணியோடு நிறுத்தப்பட்டது” என்று மட்டும் எழுதினேன். ரெய்யோ படித்துவிட்டு, “ஏன்னு கேப்பாங்கன்னு நினைக்கலாம்” என்றான். கேட்க மாட்டார்கள் என்று சொன்னேன்.

பிப்ரவரி 15, வியாழன்

இரண்டாவதும் போயிற்று. பதிலில்லை. கழுத்தில் ஒரு கட்டி மறுபடி பெரிதாகிற மாதிரி இருக்கிறது என்று பதினொன்று போனில் சொன்னாளாம். “நான் சொல்லலை, நீ கேக்கலை” என்றாள் மர்யானா.

பிப்ரவரி 20, செவ்வாய்

கேட்டுவிட்டார்கள். ஒரே ஒரு கேள்வி. 2021-இல் ஆய்வை நான்கு மணியில் நிறுத்தியதற்கு என்ன காரணம்? மருந்து கெட ஆரம்பித்ததற்கான அறிகுறி எதையாவது கண்டீர்களா? ஏதாவது மறைக்கப்பட்டதா?

மறைக்கப்பட்டதா. “செயல்முறைக் காரணங்கள்” என்று எழுதி வைத்தேன். கௌரவமான வார்த்தை, யாருக்கும் ஒன்றும் புரியாது. ரெய்யோ வந்து பின்னால் நின்று படித்தான்.

“இதைப் படிச்சா நானே சந்தேகப்படுவேன்” என்றான். “இன்னும் நாலு கேள்வி அனுப்புவேன். ஒவ்வொண்ணுக்கும் பத்து நாள். ஹில்க்கா, நடந்ததை எழுது.”

“எப்படி எழுதறது? மீனுன்னா?”

“மீன் வேண்டாம். ஜூஹன்னுஸ் போதும்.”

எழுதினேன்: “அடுத்த நாள் நடுக்கோடைப் பண்டிகை. ஆய்வு செய்தவரும் சாட்சியும் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பணியிடத்தை விட்டுச் சென்றனர். வேறு காரணம் இல்லை. நான்கு மணிக்குப் பிறகான தரவு எடுக்கப்படவே இல்லை.” மூல நோட்டின் பக்கத்தையும் காலிப் பக்கத்தையும் நகல் எடுத்து இணைத்தேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். முப்பது வருஷ வேலையில் இவ்வளவு கேவலமான வாக்கியத்தை நான் எழுதியதில்லை. அனுப்பின பிறகு என்னவோ முதுகு லேசாக இருந்தது.

பிப்ரவரி 22, வியாழன்

மருந்து அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். குரல் கறாராக இருந்தது. கடிதத்தை வாய்விட்டுப் படித்து, இது சரிதானா என்று கேட்டாள். சரிதான் என்றேன்.

“உங்க நோட்டுல கடைசி மாதிரிக்கு நேரம் பன்னிரண்டு மணி ரெண்டு நிமிஷம்னு இருக்கு” என்றாள்.

“ஆமாம்.”

“நான் அன்னிக்குப் பதினொரு மணிக்கே கிளம்பிட்டேன்” என்றாள். “திங்கக்கிழமை குழுவுல வெக்கறேன்.”

போனை வைத்த பிறகுதான் அவள் பெயரைக் கேட்கவில்லை என்பது நினைவு வந்தது. பெயர் தெரியாத அம்மா, உங்களுக்கு நன்றி.

பிப்ரவரி 27, செவ்வாய்

அனுமதி வந்தது. பன்னிரண்டு மணி நேரம். ரெய்யோ, “இதை நல்ல செய்தின்னே சொல்லலாம்” என்றான். அவன் வாயிலிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. மீன் வைத்துச் சுட்ட ரொட்டி ஒன்று முழுசாக வாங்கி வந்து எல்லாருக்கும் அறுத்துக் கொடுத்தான்.

பிப்ரவரி 29, வியாழன்

காலை ஏழரைக்கு உருக்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி என்சியோவின் டாக்ஸியையே வாடகைக்குப் பேசியிருக்கிறது. பெட்டி முன் சீட்டில் பெல்ட்டோடு, மர்யானா பின் சீட்டில். பனி கொட்டியது. கஜானி தாண்டி ஒரு மரலாரி குறுக்கே நின்று ரோடு ஒரு மணி நேரம் அடைபட்டது என்று என்சியோ போன் செய்தான். பதறிப்போய்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு நினைவு வந்தது: அடைபடட்டும், எங்களிடம் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது.

மூன்றே கால். மர்யானாவிடமிருந்து: “போட்டாச்சு. உருக்கி ஏழே முக்கால் மணி நேரம். அந்த அம்மா எழுந்து கோட்டைப் போட்டுக்கிட்டு நடந்தே வீட்டுக்குப் போயிட்டா. நாலு நிமிஷ நடை.”

வேலை நேரம் முடிகிற வரை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நான்கு நிமிஷம். நான்கு நிமிஷம்.

மார்ச் 28, வியாழன்

கழுத்தில் எட்டுக் கட்டி இருந்தது, இப்போது ஐந்து. நான் கேட்கவில்லை, மர்யானா சொல்லவில்லை.

ஏப்ரல் 25, வியாழன்

பனி உருகி ரோடெல்லாம் பள்ளம். வடக்கே ஒரு இடத்தில் பெட்டி சீட்டிலிருந்து எகிறியதாம். பஞ்சு தாங்கியது. அடுத்த முறையிலிருந்து ஆஸ்பத்திரியின் ஒப்பந்தக் கார் போகும், அங்கே இருக்கிற நர்ஸ் பழகிவிட்டாள், மர்யானாவும் போக வேண்டாம். என்சியோவுக்குக் கொஞ்சம் வருத்தம். “அந்தப் பசங்களோட எனக்கு நல்லாப் பழகிப்போச்சு” என்றான்.

மே 9, வியாழன்

நாடு முழுக்க விடுமுறை. இன்று எப்படி என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஊர் நர்ஸ் தன் பாட்டுக்கு வந்து, சுகாதார நிலையத்தின் பூட்டைத் திறந்து, ஊசி போட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு போனாளாம். யாரும் சொல்லவில்லை. அவள் படத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அவளுக்குப் பெரிய நன்றி, அவள் அம்மாவுக்கும்.

மே 23, வியாழன்

வைரஸ் சரி. வெப்பம் சரி. மர்யானா லீவில், செய்தி எதுவும் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

காலையில் ஒப்பந்தக் கார் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தது. வழக்கமாக உள்ளே காலிக் குப்பியும் வெப்பக் கருவியும் இருக்கும். திறந்தேன். குப்பி காலி இல்லை. நிறைய. ரப்பர் மூடியில் ஊசித் துளைகூட இல்லை.

உட்கார்ந்துவிட்டேன். கூடவே நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது, அதைத் தொடவில்லை. மர்யானா இன்னும் லீவில். ஊசி போடாமல் மருந்து ஏன் திரும்பி வரும்? ஒரே காரணத்துக்குத்தான் வரும். ரெய்யோ கடந்து போனான், என் முகத்தைப் பார்த்துத் திரும்பி வந்தான். குப்பியைப் பார்த்தான். பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

நான் மனதுக்குள் அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனை தூரம் வந்தாயே, ரோடு உன்னைக் கொன்றும் வந்தாயே, கடைசி மூன்று மாசமாவது உன் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தாயே என்று. இவ்வளவாவது எங்களால் செய்ய முடிந்ததே என்று.

“நான் படிக்கட்டுமா?” என்றான் ரெய்யோ.

தலையாட்டினேன். விரித்தான். கண்ணாடியைத் தேடினான், நெற்றி மேலேயே இருந்தது. அந்த ஊர் நர்ஸின் கையெழுத்து. ரெய்யோ படித்தான், அவன் குரலில், மெதுவாக:

“பதினொன்றாம் எண். இன்று ஊசி போடவில்லை. போட இடம் கிடைக்கவில்லை. நானும் டாக்டரும் கழுத்து, தோள் எல்லாம் தடவித் தேடினோம், விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஸ்கேனிலும் ஊசி போடுகிற அளவுக்கு எதுவும் இல்லை. விதிப்படி நிறுத்துகிறோம். நோயாளி வெளியே காத்திருக்காமல் உருளைக்கிழங்கு நடப் போய்விட்டார்.”

ரெய்யோ அதை இன்னொரு தடவை படித்தான். பிறகு, “ஆமாம்” என்றான். வெறும் ஆமாம்.

உருகினதைத் திரும்ப உறைய வைக்க முடியாது. இருபத்துநான்கு மணி நேரம் தாண்டிவிட்டது, வேறு யாருக்கும் போடவும் முடியாது. நீராவிக் கலனில் வேகவைத்து அழிக்க வேண்டும். சாகவிடாமல் பார்த்துக்கொள்வதற்கே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன், இன்று என் கையாலேயே கொன்றேன், துளி வருத்தமும் இல்லை. அழிப்புப் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. காலாவதி, உடைசல், வெப்ப மாறுதல் என்று மூன்றுதான் அச்சடித்திருக்கிறது. மூன்றையும் அடித்துவிட்டு, மேலே பேனாவால் எழுதினேன்: தேவைப்படவில்லை.